கைவிட்டுப் போன துப்பாக்கிகள்

பழம்பொருள் சேகரிக்கத் தொடங்கிய இளைஞர் ஒருவருக்கு வாங்கி வைத்ததைவிட வாங்காமல் விட்டதுதான் அதிகம் நினைவில் நிற்கும். விட்டது ஒரு பழைய துப்பாக்கி என்றால் மனம் லேசில் ஆறாது. திரி வைத்துச் சுடும் துப்பாக்கி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கும். விலை கையிருப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும்; அல்லது உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு யாரும் தெளிவாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். நாலு பேரைக் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அது இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். இந்தத் துறையில் பழுத்தவர்கள் அப்போது சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: "விடுங்க தம்பி, இன்னொண்ணு வராமலா போயிடும்." பித்தளை அண்டாவுக்கும் எனாமல் தூக்குக்கும் ரவிவர்மா அச்சுப் படத்துக்கும் இந்த ஆறுதல் சரி. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது வெளியே வந்த சரக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்னும் குவிந்து கிடக்கிறது. இன்று விட்டதைப் போல ஒன்றை அடுத்த மாதம் வாங்கிவிடலாம். துப்பாக்கி அப்படித் தேடினால் கிடைக்கிற சரக்கு இல்லை. தென்னிந்தியாவில் அது அரிதாகிப் போனதற்குக் காலத்தையோ துருவையோ மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கொள்ளை, ஆயுதப் பறிப்பு, இரும்புக் கழிவு என்று மூன்று வழிகளில் மனிதர்களே அதைக் காலி செய்தார்கள். நான்காவது வழி ஒன்று இன்றும் திறந்தே கிடக்கிறது. அந்த இளைஞரின் வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது தன் கைக்கு வராமல் போன ஒரு பொருளோடு நின்றுவிடுவது போதாது.

முதலில் அந்தப் பொருளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, துணியோ நாரோ வைத்து, குண்டை இறக்கி, கோலால் கெட்டிக்கும் துப்பாக்கி இது. குழலின் அடியில் பக்கவாட்டில் ஊசித் துளை போலப் பற்றுவாய் இருக்கும். அதன் வெளியே ஒரு சிறு கிண்ணியில் நைஸான மருந்து. விசையை இழுத்தால், கங்கு கனலும் திரியைக் கவ்விய குதிரை அந்தக் கிண்ணியில் போய் விழும். இந்த அமைப்பு நாடெங்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. வடக்கே முகலாயர் பகுதிகளில் விசையை இழுக்கும் வேகத்துக்கு ஏற்பத் திரி மெல்ல இறங்கும். கோவா, மலபார், இலங்கை வட்டாரங்களில் வில் அழுத்தத்தில் திரி சட்டென்று விழும் பூட்டுகள் பரவின. போர்ச்சுக்கீசியர் வழியே வளர்ந்த இந்தக் குடும்பத்தின் ஒரு கிளைதான் 1543-ல் ஜப்பானின் தானெகாஷிமா தீவில் இறங்கிய துப்பாக்கி என்று ஆயுத வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மலபார், குடகுத் துப்பாக்கிகளின் கட்டை மிகக் குட்டையானது. அதைத் தோளில் அண்டக் கொடுக்க முடியாது. கன்னத்தோடு ஒட்டி வைத்துத்தான் சுட வேண்டும். குழலை முறுக்கி அடித்த கொல்லர், கட்டை இழைத்த தச்சர், பித்தளைத் தகடு பதித்த கன்னார் என்று மூன்று நான்கு தொழில்கள் ஒரே பொருளில் கூடியிருக்கின்றன. எழுதி வைக்கும் பழக்கம் இல்லாத தொழில்கள் இவை. அவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதற்கு அந்தப் பொருளே சாட்சி; வேறு சாட்சி பெரும்பாலும் இல்லை. ஒரு துப்பாக்கி போய்விட்டால் ஒரு பட்டறையின் ஆவணம் போய்விடுகிறது என்று சொல்வது மிகையில்லை.

கொள்ளைக்குப் பெரிய உதாரணம் ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 மே 4-ல் திப்பு சுல்தான் கோட்டையில் வீழ்ந்தார். அவருடைய ஆயுதசாலை அந்தக் காலத்து ஆசியாவில் கவனிக்கத்தக்க ஒன்று. 1787-ல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் தூது அனுப்பியபோது அவர் கேட்டவற்றில் கைவினைஞர்களும் அடக்கம். அங்கிருந்து வந்த நுட்பத்தை உள்ளூர்க் கொல்லர்கள் எடுத்துக்கொண்டு, ஐரோப்பியத் துப்பாக்கிக்குச் சளைக்காத சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் செய்தார்கள். ஆனால் அவற்றை ஐரோப்பியப் பொருள் என்று யாரும் மயங்க முடியாது. குழல் நெடுகப் புலிவரி ஓடும். கட்டையிலும் பூட்டிலும் புலித்தலை எட்டிப் பார்க்கும். தங்க முத்திரைகளில் பாரசீக எழுத்து இருக்கும். ஆண்டைக்கூட அவர் உண்டாக்கிய மௌலூதி கணக்கில், இலக்கங்களை வலமிருந்து இடமாகப் பொறித்தார்கள். தெரியாமல் படிப்பவருக்கு ஆண்டு தலைகீழாகத்தான் வரும். கோட்டை விழுந்தபின் இவை போர்ப் பரிசாகப் பங்கிடப்பட்டன. சில அரசருக்கும் ஆளுநர்களுக்கும் அன்பளிப்பாகப் போயின, சில படை அதிகாரிகளின் பெட்டிகளில் கப்பலேறின. இருநூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2019-ல், இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் ஒரு வீட்டின் பரணிலிருந்து அப்படிப் போன ஒரு தொகுதி வெளியே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் ஒருவர் கொண்டுபோனது. வெள்ளி வேலைப்பாடுள்ள அதன் சக்கிமுக்கித் துப்பாக்கி, துப்பாக்கிக் கத்தியோடு சேர்த்து 60,000 பவுண்டுக்கு ஏலம் போனது.

அந்த விலையே குறைவு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ராபின் விகிங்டன் என்ற ஆங்கிலேயர் திப்புவின் ஆயுதங்களைப் பல பத்தாண்டுகள் தேடிச் சேர்த்து, 1992-ல் அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய சேகரிப்பு 2015 ஏப்ரலில் லண்டனில் போனாம்ஸ் ஏலத்துக்கு வந்தபோது முப்பது பொருள்கள் ஏறத்தாழ 60 லட்சம் பவுண்டு ஈட்டின. ஒரே குழலில் இரண்டு முறை சுடும்படி மருந்தை அடுக்கிக் கெட்டிக்கும் வேட்டைத் துப்பாக்கி ஒன்று மட்டும் 7 லட்சம் பவுண்டைத் தாண்டியது. 2023 மே மாதம் திப்புவின் படுக்கையறை வாள் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. அதே மாதம் நடந்த இன்னொன்றுதான் என் வாதத்துக்கு முக்கியம். ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் கைக்குப் போயிருந்த திப்புவின் வேட்டைத் துப்பாக்கி ஒன்று, 20 லட்சம் பவுண்டு மதிப்புள்ளது, பிரிட்டனை விட்டு வெளியே போகவிருந்தது. உள்ளூரில் யாராவது வாங்கி நாட்டிலேயே வைத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கட்டும் என்று பிரிட்டிஷ் அரசு அதன் ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை போட்டது. ஒரு துப்பாக்கி கைவிட்டுப் போவதை ஓர் அரசே பொருட்படுத்தி, சட்டப்படி நிறுத்தி வைக்கிறது. அப்படியானால் அந்த வருத்தம் சேகரிப்பாளரின் பேராசை மட்டும்தான் என்று தள்ளிவிட முடியாது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொல்லர் செய்த பொருளுக்காக அந்த வருத்தத்தைப் பட்டது லண்டன் என்பதுதான் நம்மை உறுத்த வேண்டும்.

கொள்ளை போனவை அரண்மனைப் பொருள்கள். எங்கோ ஒரு பரணிலாவது பிழைத்துக் கிடந்தன. சாதாரணக் குடிகளின் துப்பாக்கிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பாளையக்காரர் போர்களின் முடிவில் தெற்குச் சீமையில் நடந்தது அதுதான். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். அந்த டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும், ஒளித்து வைப்போருக்குக் கடும் தண்டனை என்பது அதன் சாரம். பாளையத்துக் காவல்காரர்களின் கையில் தலைமுறைகளாக இருந்த திரித் துப்பாக்கிகளும் ஈட்டிகளும் அப்படித்தான் ஊரை விட்டுப் போயின. பறித்தவற்றைக் கம்பெனி அரும்பொருளாகப் பார்க்கவில்லை, ஆபத்தாகவே பார்த்தது. 1857-க்குப் பிறகு இதே மனநிலை இந்தியா முழுவதற்கும் சட்டமாயிற்று. 1860-ல் ஒரு சட்டம், 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம். இரண்டாவதில் ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது, இந்தியருக்கு உரிமம் கட்டாயம். காங்கிரசின் தொடக்க கால மாநாடுகளில் இந்தப் பாகுபாடு திரும்பத் திரும்பக் கண்டிக்கப்பட்டது. உரிமம் வாங்க வசதியில்லாதவர் தாத்தாவின் துப்பாக்கியை ஒப்படைத்தார், அல்லது கிணற்றிலோ மண்ணிலோ மறைத்தார். மண்ணில் புதைந்த இரும்பு எத்தனை மழைக்குத் தாங்கும்?

மூன்றாவது வழி இன்னும் வேதனையானது, ஏனென்றால் அதில் பகையோ அச்சமோ கிடையாது; அலட்சியம் மட்டுமே. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அந்த அரசை முடித்து வைத்தது. அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர் காலத்திலிருந்தே சேர்ந்த ஆயுதங்கள் குவிந்திருந்தன: யானை அங்குசங்கள், குத்துவாள்கள், கட்டாரிகள், துப்பாக்கிகள். 1860-களில் அவற்றில் சிலவற்றைப் பொறுக்கிச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியை உடைத்து இரும்பு விலைக்குத் தள்ளினார்கள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எம். ஜே. வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878-ல் இந்தியன் ஆன்டிகுவாரி இதழில் அந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதிய கட்டுரை இல்லாவிட்டால் நமக்கு இவ்வளவுகூடத் தெரிந்திருக்காது. சென்னை எழும்பூரில் இன்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் தஞ்சை ஆயுதங்களைப் பார்த்து வியப்பவர்கள், அது ஒரு பெருங்குவியலிலிருந்து எஞ்சிய கைப்பிடி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தஞ்சைக் கீழவாசல் பீரங்கி மேட்டிலுள்ள ராஜகோபால பீரங்கி தப்பித்தது அதன் பருமனால்தான். இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்துச் செய்த, இருபது டன்னுக்கு மேல் கனக்கும் அந்தப் பீரங்கியை மேட்டிலிருந்து இறக்குவதே பெரும்பாடு. தோளில் தூக்கிப் போகக்கூடிய ஆயுதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று.

இங்கே ஒருவர் தடுத்துக் கேட்கலாம்: இரும்பு துருப்பிடிக்கும், மரம் செல்லரிக்கும், எல்லா ஊரிலும் பழைய ஆயுதம் அழிந்துதான் போகும், இதில் சட்டத்தையும் ஆட்சியையும் குற்றம் சொல்வானேன்? இந்தக் கேள்விக்குப் பதில் பக்கத்திலேயே, குடகில் இருக்கிறது. பிரிட்டிஷார் 1834-ல் குடகை இணைத்துக்கொண்டார்கள். 1857-க்குப் பிறகு நாடெங்கும் ஆயுதம் பறிக்கப்பட்டபோது, 1861-ல் கொடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். சுதந்திர இந்தியாவும் அந்த விலக்கைத் தொடர்ந்தது. 2019-ல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. அங்கே மழை குறைவா, கரையான் குறைவா? தென்னிந்தியாவில் ஈரம் மிகுந்த மலைகளில் ஒன்று அது. ஆனாலும் அங்கே துப்பாக்கி வீட்டை விட்டுப் போகவில்லை. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி, வீட்டில் சாவு விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு வெடி. அக்கம்பக்கத்தார் எண்ணிக்கையைக் கேட்டே சேதியைப் புரிந்துகொள்வார்கள். செப்டம்பரில் வரும் கைல்பொது திருநாளில், நடவு முடிந்த கையோடு துப்பாக்கிகளைத் துடைத்துப் பூசையில் வைத்து, குழல் வாயில் செங்காந்தள் மலரைச் செருகுகிறார்கள். கொடவர் வீடுகளில் இருப்பதெல்லாம் பழைய துப்பாக்கி என்று சொல்ல வரவில்லை. இரட்டைக் குழலும் தோட்டாத் துப்பாக்கியும் அங்கே நிறைய வந்துவிட்டன. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போடும் பழக்கமும், இது எந்தப் பாட்டன் வைத்திருந்தது என்ற சொல்வழக்கும் அறுபடவில்லை. அதே காலம், ஏறக்குறைய அதே இரும்பு, அடுத்தடுத்த மாவட்டங்கள். மாறியது சட்டம் ஒன்றுதான்.

இனி நான்காவது வழி: இன்றைய சட்டம். 1959-ன் ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் பழைய பாணி ஆயுதத்துக்கும் தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கும் விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்படக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. அதாவது கெட்டுப்போனதற்கு விலக்கு உண்டு, நல்ல நிலையில் பேணப்பட்டதற்கு இல்லை. நூற்றைம்பது ஆண்டு எண்ணெய் போட்டுக் காத்த குழலைவிடத் துளை தூர்ந்துபோன குழல் சட்டப்படி வசதியானது என்றால், பழம்பொருளைப் பேணுவதற்கு நேர் எதிரான தூண்டுதல் அது. எது சுடக்கூடியது, எது சுடாதது என்று தீர்மானிக்க எல்லோரும் அணுகக்கூடிய ஒரு நிபுணர் அமைப்பும் இல்லை. முதலில் சொன்ன இளைஞர் தயங்கியதற்குக் காரணம் துணிவின்மை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சட்டத்தை மதிக்கிறவர் தயங்கித்தான் ஆக வேண்டும். 2019-ன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வாரிசாகக் கிடைத்ததும் அந்தக் கணக்கில் அடங்கும். மூன்றாவதை ஒப்படைக்க வேண்டும். தாத்தாவின் குழல் துப்பாக்கியையும் புதிய துப்பாக்கிகள் இரண்டையும் வைத்திருப்பவர் எதை விடுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு மலையோரங்களிலும் இதுதான் நிலை. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. அந்த நடவடிக்கை தேவையானது. ஆனால் ஒப்படைக்கப்படும் குவியலில் சென்ற ஆண்டு தண்ணீர்க் குழாயில் செய்ததும் இருக்கலாம், நூற்றாண்டுக்கு முன் ஓர் ஊர்க் கொல்லர் அடித்ததும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண் அந்த இடத்தில் இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே முடிவுதான்.

மறுப்புகளில் கனமானது இது: துப்பாக்கி உயிரைக் கொல்லச் செய்த கருவி, அது குறைந்தால் நல்லதுதானே, அதற்கு அழுவானேன்? இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். எல்லோர் வீட்டிலும் சுடக்கூடிய ஆயுதம் இருக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை கேட்கவில்லை. ஆனால் கட்டுப்பாடும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று மோதியே தீர வேண்டும் என்பதில்லை என்பதற்கு ஜப்பான் சான்று. துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையாக உள்ள நாடுகளில் அது ஒன்று. அங்கேயே 1958-ன் சட்டம் பழங்காலத் துப்பாக்கிகளுக்குத் தனி வழி வைத்திருக்கிறது. ஏறத்தாழ 1867-க்கு முற்பட்ட, பழைய பாணித் துப்பாக்கி என்று நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால், அது மாவட்டக் கல்விக் குழுவில் பதிவாகிறது. பதிவுச் சீட்டு மனிதருக்கு அல்ல, பொருளுக்கு. துப்பாக்கி கைமாறும்போது சீட்டும் சேர்ந்து போகும். புதிய உரிமையாளர் இருபது நாளுக்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். காவல்துறையின் வேலையைக் கல்வித்துறையின் கையில் கொடுத்ததில் ஒரு தெளிவான முடிவு இருக்கிறது: இந்தப் பொருள் முதலில் வரலாறு, பிறகுதான் ஆயுதம். தானெகாஷிமாவில் இறங்கிய கிளை அங்கே பதிவேட்டில் இருக்க, அதன் தாய்க்குடும்பத்தைச் சேர்ந்தவை இங்கே உரிமக் குழப்பத்தில் ஒளிந்து வாழ்கின்றன.

அருங்காட்சியகம் போதாதா என்பது அடுத்த கேள்வி. சிறந்தவற்றுக்கு அதுவே இடம். கண்டி அரசருக்குரிய, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லேவ்கே பீரங்கியை டச்சுக்காரர்கள் 1765-ல் எடுத்துப் போனார்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அதை 2023-ல் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. அது யாருடைய வீட்டுச் சுவருக்கும் உரியது இல்லை. ஆனால் ஊர்க் கொல்லரின் சாதாரணத் துப்பாக்கிக்கு எந்த அருங்காட்சியகமும் கை நீட்டுவதில்லை. தஞ்சைக் குவியலில் பொறுக்கப்பட்டவை அழகானவை, அழிந்தவை சாதாரணமானவை. தொழிலின் வரலாற்றுக்கு வேண்டியது அந்தச் சாதாரணம்தான். அதைத் தேடிப் பிடித்து, துடைத்து, ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை இன்றைக்குச் சேகரிப்பாளரிடம் மட்டுமே இருக்கிறது. சேகரிப்பாளர்களால் கேடு இல்லையா என்றால், உண்டு. விலை ஏற வேண்டும் என்பதற்காகச் சாதாரணத் துப்பாக்கியைத் திப்புவினுடையது என்று விற்பவர்கள் உண்டு. எந்த ஊர், எந்த வீடு என்ற தகவலை மறைத்து விற்பவர்கள் உண்டு. நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972-ன் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அதை மீறக் கமுக்கமாக வழி தேடுவோரும் உண்டு. ஆனால் விகிங்டன் தம் சேகரிப்பை நூலாக எழுதியதால்தான் அது ஏலத்தில் சிதறிய பிறகும் அந்த அறிவு சிதறாமல் இருக்கிறது. பதிவு செய்கிற சேகரிப்பாளர், மறைக்கிற சேகரிப்பாளர் என்ற பிரிவுதான் இங்கே முக்கியம்.

ஆகவே, அந்த இளைஞருக்குக் கைவிட்டுப் போனதில் இரண்டு உண்டு. ஒன்று உடைமை, அது வேறொருவரிடம் பத்திரமாக இருக்கலாம். மற்றது தகவல்; அதை விற்பனைக்கு வந்த அன்றே, ஒரு பைசா செலவில்லாமல் காப்பாற்றியிருக்கலாம். குழலின் நீளம், வாயின் விட்டம், அது உருண்டையா எண்பட்டையா, பற்றுவாய் எந்தப் பக்கம், பூட்டின் வில் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, கட்டை என்ன மரம், குழலின் அடிப்பக்கத்தில் கொல்லர் குத்திய குறி எது, விற்றவர் சொன்ன ஊர் எது. கட்டையைக் கழற்றினால் மட்டுமே தெரியும் குறிகளும் உண்டு. இந்த விவரங்கள் நூறு துப்பாக்கிகளுக்குச் சேர்ந்தால், எந்தக் குறி எந்தச் சீமையினுடையது என்று ஒரு வரைபடம் போட ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டில் அந்த வேலை இன்னும் செய்யப்பட வேண்டும். அரசும் தன் பங்குக்கு இரண்டு காரியம் செய்யலாம். ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளை அழிப்பதற்கு முன், தொல்லியல் துறையோ அருங்காட்சியகத் துறையோ ஒருவரை அனுப்பி அந்தக் குவியலைப் பார்வையிடச் செய்யலாம்; ஆவணப்படுத்தியபின் தேவையானவற்றின் பற்றுவாயை மட்டும் மூடி எடுத்து வைக்கலாம். 45-ஆம் பிரிவில், சுட முடியாதது என்ற ஒற்றை அளவுகோலுக்குப் பதிலாக ஆண்டையும் பாணியையும் வைத்து ஒரு பதிவு முறை கொண்டு வரலாம். முதலாவதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, மாவட்ட ஆட்சியரின் ஒரு கடிதம் போதும்.